பக்கத்துக் கட்டிலுக்கு வராத மருந்து

இரண்டு வருடங்களுக்கு முன், முந்திரி சீசன் முடியும் சமயம். கபடிக் கோடைப் பயிற்சியை முடித்துவிட்டு கந்தர்வக்கோட்டை சாலையில் வந்துகொண்டிருந்த என் மனைவியின் ஸ்கூட்டரை ஒரு லோடு வேன் இடித்துத் தள்ளியது. அவள் பள்ளி விளையாட்டு ஆசிரியை. முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து வெளியே தெரிந்தது. புதுக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் தகடு வைத்துத் தைத்தார்கள். அத்தோடு விட்டது என்று திருக்கோகர்ணத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

விடவில்லை. தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்தது. போகும்போதெல்லாம், "பவர் கூட்டிப் போட்டுருக்கோம், சரியாயிரும்" என்று ஊசியை மாற்றினார்களே தவிர, அந்தச் சீழில் என்ன கிருமி இருக்கிறது என்று ஒருமுறைகூடப் பரிசோதிக்கவில்லை. மாதக்கணக்கில் இதே கதை. காய்ச்சல் நிற்காமல் தஞ்சாவூரில் வேறு மருத்துவமனையில் சேர்த்த பிறகுதான் அந்தப் பரிசோதனையே நடந்தது.

முடிவைப் பார்த்த டாக்டரம்மா, "எந்த மருந்துக்கும் இந்தக் கிருமி கட்டுப்படலைங்க. கால எடுக்க வேண்டி வரலாம்" என்றார்.

என் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்து, "ஒலகத்துலயே வேற வழி இல்லேங்கிறீங்களா, இல்ல இந்த ஆஸ்பத்திரியில இல்லேங்கிறீங்களா?" என்று கேட்டாள்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து விளக்கினார். கிருமியை மட்டும் தேடிப்போய்க் கொல்லும் வைரஸ்கள் இருக்கின்றனவாம். ஃபேஜ் என்று பெயர். மனித உடம்பை அவை ஒன்றும் செய்யாது. ஆனால் ஒருவருடைய கிருமியைக் கொல்வது இன்னொருவருடைய கிருமியைக் கொல்லும் என்று சொல்ல முடியாது. இவளுடைய கிருமியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பி, பொருத்தமானதைக் கண்டுபிடித்து, அரசிடம் அனுமதி வாங்கி வரவழைக்க வேண்டும்.

துபாயில் இருக்கும் மனைவியின் அண்ணன் இறங்கி வேலை செய்தார். யார் யாரையோ பிடித்தார், ஆங்கிலத்தில் ஓயாமல் மெயில் அனுப்பினார். அனுமதி வந்தது. மருந்தும் வந்தது. விமான நிலையத்தின் சரக்குப் பிரிவோடு நின்றுவிட்டது.

"வைரஸ்னு போட்டுருக்கு சார், விட முடியாது" என்றார் அங்கிருந்த அதிகாரி. அனுமதிக் கடிதத்தைக் காட்டினேன். மேலதிகாரி பார்க்க வேண்டுமாம். அவர் லீவாம்.

"அதுவரைக்கும் ஃபிரிட்ஜிலயாவது வைங்க சார்."

"அது எங்க வேலை இல்ல."

பெட்டி வெயில் அடிக்கிற வராந்தாவில், தள்ளுவண்டியில் கிடந்தது. கண்ணால் பார்த்தேன், கையால் தொட விடவில்லை. வாழ்க்கையில் யாரையும் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டாதவன், அன்று அந்த வராந்தாவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். காவலாளி வந்து என்னை வெளியே தள்ளினார். ஒருவழியாகப் பெட்டி கைக்கு வந்தபோது மருந்து செத்துப்போயிருந்தது. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

இரண்டாவது பெட்டி கெடாமல் வந்து சேர்ந்தது. தகட்டைக் கழற்றி, கெட்டுப்போன எலும்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, மெல்லிய குழாய் வழியாக மருந்தைப் புண்ணுக்குள் செலுத்தினார்கள். கூடவே ஊசியும் தொடர்ந்தது. சீழ் குறைந்தது, காய்ச்சல் நின்றது. புண்ணில் புதுச் சதை தெரிந்த அன்று நான் கழிவறைக்குள் போய் அழுதேன்.

ஆண், பெண் என்று பிரிக்காத தொற்று வார்டு அது. பக்கத்துக் கட்டிலில் கட்டுமாவடி மீனவர் ஒருவர் இருந்தார். சர்க்கரை நோயாளி. மீன் முள் குத்திய பாதம் புரையோடியிருந்தது. அவருக்கும் மருந்துக்கு மசியாத கிருமிதான்.

"தம்பி, மிச்சம் இருந்தா எனக்கும் கொஞ்சம் விடச் சொல்லுங்களேன்" என்று அவர் கேட்டார்.

டாக்டரம்மா அவருடைய கிருமியின் மேல் அந்த மருந்தை விட்டுப் பார்த்தார். கிருமி சாகவில்லை. அவருக்கு வேறு ஃபேஜ் தேட வேண்டும். டாக்டரம்மாவே முனைந்து மாதிரியை அனுப்பினார், அனுமதிக்கும் எழுதினார். பதில் வருவதற்குள் அழுகல் கணுக்காலைத் தாண்டி ஏறிவிட்டது. காலை எடுத்துவிட்டார்கள்.

அறுவைக்குப் பிறகு வார்டுக்குத் திரும்பிய அவர் என் மனைவியைப் பார்த்து, "கபடிப் பிள்ளைகளப் பாக்க எப்ப போற ஆத்தா?" என்று கேட்டார். அவள் தன் காலைப் போர்வையால் மூடிக்கொண்டாள். அவர் கண்ணயர்ந்த பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அவருக்கு துபாய்ல அண்ணன் இல்ல. அவ்வளவுதானேங்க?"

இப்போது அவள் லேசாகச் சாய்ந்து சாய்ந்து நடக்கிறாள், மைதானத்தில் விசில் ஊதுகிறாள். பார்க்கிறவர்கள் எல்லாம், "நல்லபடியா முடிஞ்சுதுல்ல, விடுங்க" என்கிறார்கள். ஒரு மருந்து உலகத்தில் இருப்பதும், அது கட்டுமாவடிக்காரர் ஒருவரின் கட்டில் வரை வந்து சேர்வதும் ஒன்றல்ல என்று பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.