நீலக் கதவு போட்ட தீப்பெட்டி

துஷாந்தினிக்குப் பதுளை டவுனில் இன்டர்நெஷனல் ஸ்கூல் ஒன்றில் வேலை கிடைத்த அன்று, அவள் அம்மா ரெங்கம்மா, "அங்க என்னாடி சொல்லிக் குடுப்ப?" என்று கேட்டாள்.

"சொல்லிக் குடுக்கக் கூடாதும்மா. பிள்ளைங்க ஏதாச்சும் கேட்டா, 'நீங்க என்ன நெனைக்கிறீங்க'ன்னு திருப்பிக் கேக்கணும். அதுங்களே தேடிக் கண்டுபிடிக்கணும். அதுதான் அங்க படிப்பு."

"அடி ஆத்தே! பதில் சொல்லாம இருக்குறதுக்கு ஒரு சம்பளமா? அப்பிடிப் பாத்தா நம்ம தொரைமாருக்கு எம்புட்டுக் குடுக்கணும்! நான் தோட்டத்து வேலைக்குப் பேர் பதிஞ்ச நாள்ல இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், ஒருத்தரும் பதில் சொன்னதில்லையே!"

லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் சிரித்தார்கள். துஷாந்தினியும் சிரித்தாள். கல்லூத்துத் தோட்டத்து மேல் டிவிசனில், பசறை ரோட்டிலிருந்து ஏறினால் மூச்சு வாங்க வைக்கும் உயரத்தில் பிறந்தவள் அவள். ஏ.எல். பரீட்சை வரை படித்தாள். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. தோட்டத்து முன்பள்ளியில் கொஞ்ச காலம் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்தாள். கட்டிக்கொண்டவன் விஜேந்திரன், தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. ஒரே மகன் ஜீவனுக்கு இப்போது ஐந்து வயது. இங்கிலீஷைத் தானே முட்டி மோதிக் கற்றுக்கொண்டு, மூன்றாம் வகுப்புக்கு உதவி ஆசிரியையாக டவுனுக்கு பஸ் ஏறியபோது, மேல் டிவிசனே அவளைப் பார்த்துப் பெருமைப்பட்டது. சும்மா சொல்லக்கூடாது, கண்ணும் போட்டது.

அந்தப் பள்ளிக்கூடத்துச் சுவரில் வண்ண வண்ணமாய் எழுதியிருக்கும்: அக்கறை, நேர்மை, துணிவு. திங்கட்கிழமை காலையில் பிள்ளைகள் அதை ஒப்புவிப்பார்கள். துஷாந்தினிக்கு அது பிடித்திருந்தது. அவள் படித்த தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்ட பிள்ளைக்குக் குட்டுத்தான் விழும். இங்கே கேட்டால் கைதட்டுகிறார்கள். உலகத்தில் இப்படியும் ஓர் இடம் இருக்கிறதே என்று அவளுக்குத் தினமும் ஆச்சரியம்தான்.

இனி வெடிப்பு சங்கதிக்கு வருவோம். அவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகப்போகிற நேரம், போன கார்த்திகைப் பெருமழையில் அவர்கள் லயத்துக்குப் பின்னால் மலையில் நிலம் பிளந்தது. கை நுழையும் அகலம். ஊற்றுத் தண்ணீர் சிவப்பாய்க் கலங்கி வந்தது. மண்சரிவு பார்க்கிற அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். "இங்க இருக்க ஏலாது, கட்டாயம் வேற இடம் போகணும். அதுவரைக்கும் மழை பெஞ்சா கோயிலுக்குப் போயிருங்க" என்றார்கள். வேறு இடம் எங்கே என்று கேட்டதற்கு, அதைத் தோட்டத்தில் கேட்கச் சொன்னார்கள். தோட்டத்தில் கேட்டால் காணி அரசாங்கத்துடையது, கிராம சேவகரைக் கேள் என்றார்கள். கிராம சேவகரைக் கேட்டால், அது தோட்டத்துக்குள் இருக்கிற காணி, தோட்டத்து மேனேஜர் துரையைக் கேள் என்றார். சுற்றிச் சுற்றி வந்தாலும் செக்குமாட்டுக்கு அதே தடம்தானே. அன்றிலிருந்து மழை இருட்டினால் ரெங்கம்மா பேரனைத் தூக்கிக்கொண்டு மாரியம்மன் கோயிலுக்கு ஓடுவாள், வெயில் அடித்தால் திரும்பி வருவாள்.

மாசி மாதத்தில் மூன்றாம் வகுப்புக்குப் புதுத் தேடல் பாடம் ஆரம்பமானது. பிள்ளைகளே கேள்வியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். செய்தியில் பார்த்த பிள்ளைகள், "மண் ஏன் சரிகிறது?" என்று எழுதினார்கள். வேறு கேள்வி எழுதச் சொல்லலாமா என்று துஷாந்தினி நினைத்தாள். ஆனால் பிரின்சிபல் மேடம், "நிஜ வாழ்க்கையை வகுப்புக்குள் கொண்டுவாருங்கள், அதுதான் நம் படிப்புக்கு உயிர்" என்று ஆசிரியைகளிடம் எப்போதும் சொல்வார். துஷாந்தினியிடம் இருந்தது அந்த ஒரு நிஜ வாழ்க்கைதான். அவள் வீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பை நிறையச் செம்மண் அள்ளிக்கொண்டு வந்து, அது எந்த இடத்து மண் என்று பிள்ளைகளிடம் சொன்னாள்.

பிள்ளைகள் ஒரு பெரிய பலகையில் அந்த மண்ணைக் குவித்து மலை கட்டினார்கள். பச்சை ஸ்பொஞ்சைக் கிள்ளித் தேயிலை நட்டார்கள். தீப்பெட்டிகளை வரிசையாய் வைத்து லயம். ஈர்க்குச்சியால் கீறி வெடிப்பு. அப்போது நிவேதிகா, "மிஸ்ஸின்ர வீடு எது?" என்று கேட்டாள். துஷாந்தினி கடைசித் தீப்பெட்டியைக் காட்டினாள். வெடிப்புக்கு நேர் கீழே இருப்பது அதுதான். நிவேதிகா அதை எடுத்து, நீலக் கிரேயோனால் ஒரு கதவு வரைந்து, கதவுக்குப் பக்கத்தில் ஒரு பூவும் போட்டு, பத்திரமாய்த் திருப்பி வைத்தாள்.

இந்த நிவேதிகா யார் தெரியுமா? கல்லூத்துத் தோட்டத்துத் துரை இரகுநாதனின் மகள். யாழ்ப்பாணத்துக்காரர். வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. பலகையில் மலைக்கு இந்தப் பக்கம், உறுதியான மேட்டில், தன் வீட்டை அவளே வைத்தாள். விளையாட்டுச் செங்கல்லில் பங்களா, அதைச் சுற்றி அம்மாவின் பழைய பச்சை வெல்வெட் துணியில் புல்வெளி. பலகையில் கால்வாசியைப் புல்வெளியே பிடித்துக்கொண்டது. பிள்ளை பொய் சொல்லவில்லை, அசலிலும் அப்படித்தான்.

துஷாந்தினி பிள்ளையிடம் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது சத்தியம். ஆனால் கண்காட்சி நாளுக்குத் துரை வருவார், வந்து பார்ப்பார், பார்த்தால் மனதில் ஏதாவது தட்டாதா என்று அவள் நினைத்தாள். அதுவும் சத்தியம். ஆசை யாரை விட்டது? பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டு போய் வந்தாள். விஜேந்திரனிடம் சொன்னபோது அவன் சோற்றில் கைவைத்தபடி நிமிர்ந்து பார்த்தான்.

"நமக்கு எதுக்கு துஷா வம்பு? மண்ணு சரிஞ்சா ஒரு நாளு. வேல போச்சுன்னா தெனமும்."

"நான் ஒண்ணும் பேசப் போறதில்லைங்க. பிள்ளைங்கதானே பேசப் போறாங்க."

கண்காட்சி நாளில் பள்ளிக்கூடத்துப் பெரிய ஹோல் நிறையப் பெற்றோர். துரை இரகுநாதன் முன்வரிசையில் இருந்தார். நிவேதிகா ஒரு கோலைப் பிடித்துக்கொண்டு மழை, மண், வேர், வெடிப்பு என்று இங்கிலீஷில் அழகாய் விளக்கினாள். இரண்டு பிள்ளைகள் பூவாளியால் தண்ணீர் ஊற்றினார்கள். முதலில் ஒன்றும் ஆகவில்லை. மறுபடியும் ஊற்றினார்கள். வெடிப்பு கறுத்து அகன்றது. இன்னும் கொஞ்சம் ஊற்றியதும் மலையின் மேல்பாதி மெல்ல ஒரு முனகலும் இல்லாமல் கீழே இறங்கித் தீப்பெட்டிகளை மூடிக்கொண்டது. நீலக் கதவு கடைசியாய் மறைந்தது.

ஹோலே கைதட்டியது. பரிசோதனை அவ்வளவு துல்லியம்! துஷாந்தினியும் தட்டினாள். ஆசிரியை தட்டாமல் நிற்க முடியுமா? அவள் அம்மா, அவள் பிள்ளை, அவள் அடுப்படி எல்லாம் அந்தச் சேற்றுக்குள் கிடக்க, அவள் சிரித்த முகத்தோடு கைதட்டினாள். பாவி வயிறு அப்படிச் செய்ய வைத்தது.

அந்தப் படிப்பில் கடைசியில் ஒரு படி உண்டு. கண்டுபிடித்தால் போதாது, ஏதாவது செய்ய வேண்டும். நிவேதிகா சேற்றுக்குள் கைவிட்டுத் தீப்பெட்டிகளைத் தோண்டி எடுத்தாள். வெள்ளைச் சட்டையில் துடைத்தாள். ஒவ்வொன்றாய்ப் பச்சை வெல்வெட் புல்வெளியில் அடுக்கினாள். நீலக் கதவைப் பங்களாவுக்குப் பக்கத்திலேயே வைத்தாள். இங்கிலீஷை மறந்து அப்பாவைப் பார்த்தாள்.

"இஞ்ச நிறைய இடம் கிடக்கு. இஞ்ச மண் சரியாது. அப்பா, இது சரிதானே?"

ஹோலே முன்வரிசைப் பக்கம் திரும்பியது. துஷாந்தினி துரையின் வாயையே பார்த்தாள். சொல்லுங்களேன், சார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.

இரகுநாதன் சிரித்தார். "என்ர மகள் என்ர வேலைக்கு வேட்டு வைக்கப் போறா" என்றார். எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். மறுபடியும் கைதட்டல். அடுத்த வகுப்புப் பிள்ளைகள் மேடைக்கு ஏறினார்கள்.

தேநீர் வேளையில் அவர் கோப்பையோடு துஷாந்தினியிடம் வந்தார்.

"நீங்கள் எங்கட தோட்டமோ?"

"ஆமாங்க சார். மேல் டிவிசன். ரெங்கம்மா மகள்ங்க."

"அந்த வெடிப்பு லயமோ?"

"ஆமாங்க சார்."

அவர் கோப்பைக்குள் பார்த்தார். "நான் கம்பெனிக்கு எழுதினனான், தங்கச்சி. ஒருக்கா இல்லை, கன தரம். அவையள் அரசாங்கத்தைக் கேக்கினம். அந்தப் புல்லுத் தரையிலயும் ஒரு கல்லு நகர்த்த எனக்கு அதிகாரமில்லை. நானும் சம்பளத்துக்கு நிக்கிறவன்தான். என்ர கையில ஒண்டுமில்லை."

திட்டியிருந்தாலாவது தாங்கியிருப்பாள். கெட்டவன் என்று ஒருத்தன் கிடைத்தால் மனிதர்களுக்கு எவ்வளவு ஆறுதல்! எய்தவன் இருக்க அம்பை நோகலாமா என்பார்கள். எய்தவன் எங்கே இருக்கிறான் என்றே தெரியாவிட்டால் யாரை நோவது? "பரவாயில்லைங்க சார்" என்றாள் துஷாந்தினி. எது பரவாயில்லை என்று அவளுக்கே தெரியாது.

திங்கட்கிழமை பிரின்சிபல் மேடம் அவளைக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். நல்ல பெண்மணி, குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

"யாரும் குறை சொல்லவில்லை, துஷாந்தினி. ஆனால் சில பெற்றோர் கேட்டார்கள். பிள்ளைகளின் கேள்வி பிள்ளைகளிடமிருந்தே வரவேண்டும், இல்லையா? நம்முடைய சொந்தக் கஷ்டங்கள் அவர்கள் வாயால் வரக்கூடாது."

"நான் சொல்லிக் கொடுக்கலை, மேடம். அந்தப் பிள்ளையாத்தான்..."

"தெரியும், தெரியும். நான் நம்புகிறேன்." மேடம் அவள் கையைத் தொட்டார். "மாதிரிப் பலகை ரொம்ப அழகாய் இருக்கிறது. புதுப் பிள்ளைகளைச் சேர்க்க ஆட்கள் வருகிற நேரம். வாசலில் வைக்கலாம். மலையைத் திருப்பிக் கட்டி, வீடுகளை முதலில் இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். நல்ல கம் போட்டு ஒட்டினால் அசையாது."

நேர்மை என்று சுவரில் எழுதியிருந்தது. துணிவு என்றும் எழுதியிருந்தது. அதைப் படித்துக்கொண்டே, "சரிங்க மேடம்" என்று எழுந்து வந்தாள். வேறு என்ன சொல்வாள்? என்றைக்காவது கீழே ஒரு வாடகை வீட்டுக்குப் போக வழி உண்டென்றால், அது இந்த வேலையில்தான் இருந்தது. அந்த ஒரு கயிற்றையும் அறுத்துக்கொள்ளச் சொன்னால் எப்படி?

பகல் இடைவேளையில் வாசலில் பலகை முன் உட்கார்ந்தாள். வெளியே பதுளைக்கு மேலே மலைகள் தெரியவில்லை. ஒரே கறுப்பாய் இருட்டிக்கொண்டு வந்தது. மண்ணைக் குவித்தாள், தட்டினாள், வெடிப்பைக் கீறினாள். புல்வெளியிலிருந்து தீப்பெட்டிகளை ஒவ்வொன்றாய் எடுத்து, கம் தடவி, மலைக்குக் கீழே ஒட்டினாள். நீலக் கதவுதான் மிச்சம் இருந்தது.

"மிஸ்?"

சாப்பாட்டுப் பெட்டியோடு நிவேதிகா நின்றாள்.

"ஏன் மிஸ் திருப்பியும் அங்கயே ஒட்டுறீங்கள்? அது விழுந்திடும். நாங்கள் கண்டுபிடிச்சனாங்கள்தானே?"

இரண்டு வருடப் பழக்கம் துஷாந்தினியின் வாயில் தானாக வந்தது. "நீங்க என்ன நினைக்கிறீங்க?"

நிவேதிகா யோசித்தாள். அவசரப்படாமல் யோசிக்க வேண்டும் என்று அந்த வகுப்பில் பழக்கியிருந்தார்கள். பங்களாவைப் பார்த்தாள், மலையைப் பார்த்தாள், மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"எனக்குத் தெரியேல்லை மிஸ். இந்த ஒருக்கா மட்டும் நீங்களே சொல்லுங்கோவன்."

முதல் துளி வாசல் தகரத்தில் விழுந்தது. பிறகு சடசடவென்று பிடித்துக்கொண்டது. துஷாந்தினி ஒரு கையால் தீப்பெட்டியை மண்ணில் அழுத்தியபடி, மறு கையால் போனை எடுத்தாள்.

"அம்மா, இங்க மழ பிடிச்சிருச்சு. அங்க எப்பிடி?"

"இங்கயும் ஊத்துதுடி. ஊத்துத் தண்ணி செவப்பா வருது."

"ஜீவனத் தூக்கிக்கிட்டு கோயிலுக்குப் போயிரும்மா. சட்டி பானைய விடு. ஒடனே போ."

"போறேன், போறேன்." பின்னால் ஜீவன் அழுவது கேட்டது. ரெங்கம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "எத்தன நாளைக்குடி இப்பிடி ஓடுறது? நீ படிச்ச புள்ளதானே, நீயாச்சும் சொல்லேன்."

துஷாந்தினி போனைக் காதோடு அழுத்தினாள். அந்தப் பக்கம் மழை இரைந்தது, பிறகு லைன் அறுந்துவிட்டது. திரும்ப அடித்தாள். போகவில்லை. திரும்பவும் அடித்தாள்.

நிவேதிகா இன்னும் அங்கேயே நின்றாள். குனிந்து தீப்பெட்டியின் விளிம்பைச் சுண்டுவிரலால் மெல்லத் தள்ளிப் பார்த்தாள்.

"மிஸ், நல்லா ஒட்டீட்டுது. இனி அசையாது. கையை எடுங்கோ."

துஷாந்தினி கையை எடுக்கவில்லை.