வரிசையை விட்டு நடந்த ஆறு நிமிடம்

என் மனைவிக்குப் பித்தப்பையில் கல் என்று ஸ்கேனில் தெரிந்தபோது அவளுக்கு வயது அறுபத்திரண்டு. அதற்குள் நான்கு முறை வலி வந்துவிட்டது. நான்காவது முறை நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்ததால் ஆட்டோவிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். கும்பகோணத்து ஆஸ்பத்திரியில் பார்த்த அறுவை சிகிச்சை டாக்டர், பையை எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் சீழ் பிடித்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்றார். ஆனால் முழு மயக்கம் கொடுக்க வேண்டும். அதற்கு மயக்க டாக்டர் சம்மதிக்க வேண்டும்.

மயக்க டாக்டருக்கு இ.சி.ஜி.யில் ஏதோ சந்தேகம். அவளிடம் கேட்டார்.

"மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதாம்மா?"

"எங்க வீட்டுல மாடி இல்லிங்க."

"வேகமா நடந்தா?"

"வேகமா நடந்து எங்கங்க போறது?"

அவர் சிரித்துக்கொண்டே ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். ஆறு நிமிட நடைப் பரிசோதனை. முப்பது மீட்டர் வராந்தாவின் இரண்டு முனையிலும் ஆரஞ்சு நிறக் கூம்பு வைத்திருப்பார்கள். அதைச் சுற்றிச் சுற்றி ஆறு நிமிடம் முடிந்த மட்டும் விரைவாக நடக்க வேண்டும். எத்தனை மீட்டர் வருகிறதோ அதை வைத்து இருதயமும் நுரையீரலும் எவ்வளவு தாங்கும் என்று கணக்கிடுவார்கள். ஓடக் கூடாது.

கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. இவளுக்கு நடையில் பரீட்சையா? நான் ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஓடியவன். லாரி கிளீனர், வேதாரண்யம் உப்பளம், அரிசி ஆலை, ஆந்திராவில் செங்கல் சூளை என்று போன இடம் எதிலும் ஒரு வருடம் தங்கியதில்லை. பணம் வந்தால் அனுப்புவேன், வராத மாதங்களும் உண்டு. அவள் நடவு வேலைக்குப் போய் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தாள். வேலை எந்த ஊரில் இருந்தாலும் விடியற்காலையில் வரப்பு வழியே நடந்து போய், நாளெல்லாம் குனிந்து நட்டு, நடந்தே திரும்புவாள்.

பரிசோதனை செய்த பிசியோதெரபிப் பெண்ணுக்கு எங்கள் மகளைவிடக் குறைந்த வயது. இரத்த அழுத்தம் பார்த்தாள். விரலில் ஒரு கிளிப்பை மாட்டினாள்.

"மூச்சு வாங்குறதுக்கு பூஜ்யத்துலேர்ந்து பத்து வரைக்கும் நம்பர் சொல்லணும்மா. பத்துன்னா தாங்கவே முடியலன்னு அர்த்தம்."

"எனக்கு என்னம்மா தெரியும், நீயே பாத்து ஒரு மார்க்கு போட்டுக்க."

நடை ஆரம்பித்தது. முந்தின நாள் வாங்கிய புதுச் செருப்பு வழுக்கிவிடுமோ என்று பயந்து அந்தப் பெண்ணும் பக்கத்திலேயே நடந்தாள். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. சுவரோரமாக நானும் கூடவே போனேன்.

"ஐயா, நீங்க போய் உக்காருங்க. டெஸ்ட் உங்களுக்கு இல்ல."

"அந்தக் கால் ஒரு எடத்துல நிக்காதும்மா," என்றாள் என் மனைவி. பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

ஆறு நிமிடத்தில் முனைக்கு முனை ஒன்பது தடம். இருநூற்று எழுபது மீட்டர். மயக்க டாக்டர் தாளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இந்த வயசுக்கு இது கம்மிங்க. இருதயம் பலவீனமா இருக்கலாம். தஞ்சாவூர் போய் எல்லா டெஸ்டும் எடுத்துட்டு வாங்க. அதுக்கப்புறம் ஆபரேஷன் பத்திப் பேசலாம்."

அதற்குள் ஐந்தாவது வலி வந்தால் என்ன ஆகும் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

வெளியே வந்து தாளைப் பார்த்தேன். மூச்சுத் திணறல் என்ற இடத்தில் பூஜ்யம் என்று இருந்தது. அவளைப் பார்த்தேன். நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை.

"ஏன் இவ்ளோ மெதுவா நடந்த?"

"அந்தப் பொண்ணு மெதுவாத்தானங்க நடந்துச்சு. அத விட்டுட்டு நான் முன்னால போறதா?"

எனக்குப் பொறி தட்டியது. ஒரு சம்பா பருவத்தில் வேறு வேலை இல்லாமல் அவளுடைய நடவு செட்டுக்கு நாற்று முடிக் கட்டுகளை வீசப் போயிருக்கிறேன். பெண்கள் ஒரே வரிசையில் நின்று, நட்டுக்கொண்டே பின்னால் நகர்வார்கள். கை வேகமானவள் முந்திப் போகக் கூடாது. போனால் பக்கத்தில் இருப்பவள் மட்டும் வயலுக்குள் தனியாக மாட்டிக்கொள்வாள், வரப்பில் நிற்கும் வயல்காரர் வாயில் விழுவாள். அதனால் கை வேகமானவள் பக்கத்தில் இருப்பவளின் பங்கிலும் நான்கு குத்து நாற்று சேர்த்து நட்டு, அவளோடு சேர்ந்தே நகர்வாள். நாற்பது வருடம் அப்படி நகர்ந்தவளின் பக்கத்தில் ஒருத்தியை நடக்கவிட்டால் அவள் எப்படி முந்துவாள்?

டாக்டரிடம் திரும்பிப் போய்ச் சொன்னேன். சரியாகச் சொல்ல வரவில்லை. நாற்று, வரிசை என்று குழப்பினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அங்கே நின்றிருந்த பிசியோதெரபிப் பெண்தான் என்னை முழுதாகச் சொல்ல விட்டாள். பிறகு அவளே சொன்னாள்: "பக்கத்துல நடக்கக் கூடாதுன்னுதான், டாக்டர், படிப்புல எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. விழுந்துடுவாங்களோன்னு நடந்துட்டேன். ஒரு மணி நேரம் ரெஸ்ட் குடுத்துட்டு இன்னொரு தடவ எடுக்கறேன்."

அந்த ஒரு மணி நேரமும் என் மனைவிக்குக் கவலை வேறாக இருந்தது. "நான் பாட்டுக்குப் போனா அது கோச்சுக்காதா?"

"கோச்சுக்காது. இன்னிக்கு வரிசை கிடையாது. வயல்ல நீ ஒருத்திதான்."

"தனியாளா எவ நடுவா?" என்றாள். ஆனாலும் எழுந்து, புதுச் செருப்பைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகினாள்.

இந்த முறை அந்தப் பெண் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். முதல் தடத்தில் என் மனைவி அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். இரண்டாவதிலும் ஒரு முறை பார்த்தாள். மூன்றாவதிலிருந்து பார்க்கவில்லை.

அவள் தன் போக்கில் நடந்து நான் பார்த்ததே இல்லை. சேர்ந்து போன நாட்களில் எல்லாம் நான் முன்னால் போயிருக்கிறேன். மற்ற நாட்களில் ஊரிலேயே இல்லை. வெறுங்கால் தரையில் படும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. உடம்பு கொஞ்சம் முன்னால் சாய்ந்து, கை வீச்சு குறைந்து, தலை ஆடாமல் ஒரு நடை. டிராலி தள்ளிக்கொண்டு வந்த ஆயா ஒதுங்கி நின்றாள். பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர், "அந்தம்மாவுக்கு பஸ் போயிடப் போவுதா?" என்றார். "நல்லா நடக்கறீங்கம்மா, இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு," என்றது அந்தப் பெண்ணின் குரல். ஆந்திராவில் சூளைச் சூட்டில் நின்றபோதுகூட எனக்கு இப்படி வியர்த்ததில்லை.

பதினான்கு தடம், அதற்கு மேல் பன்னிரண்டு மீட்டர். நானூற்று முப்பத்திரண்டு. மூச்சுக்கு எத்தனை நம்பர் என்று கேட்டதற்கு, கொஞ்சம் யோசித்து, "மூணு போட்டுக்க," என்றாள்.

மயக்க டாக்டர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இதுல எது உண்மை?"

"ரெண்டாவதுதான் டாக்டர். மொதல்ல அளந்தது என் நடையை," என்றாள் அந்தப் பெண்.

அவர் இ.சி.ஜி.யை மறுபடியும் எடுத்துப் பார்த்தார். நாடி பிடித்தார். பிறகு, "வியாழக்கிழமை வெறும் வயித்தோட வந்துடுங்க," என்றார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. எடுத்த கற்களை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். பார்க்க வருகிறவர்களிடம் அவள் அந்த டப்பாவைக் குலுக்கிக் காட்டுவாள். நான் கேட்டு வாங்கி வந்த இரண்டாவது தாளை எடுத்துக் காட்டுவேன். நானூற்று முப்பத்திரண்டு என்றால் என்னவென்று வந்தவர்களுக்குப் புரியாது. உட்காரவைத்து முதலிலிருந்து சொல்லுவேன்.

"அவங்களுக்கு டீ ஆறுது, விடுங்க," என்பாள் அவள்.