பால்மகளுக்குக் கட்டம் இல்லை

ஜோர்டானில், இர்பித் நகரத்தின் நான்கு உணவகங்களுக்குச் சிறு சுரைக்காய் குடைந்து கொடுப்பவள் ருதைனா. சோறும் கறியும் அடைப்பதற்கு வாகாக, தோல் கிழியாமல் உள்ளிருப்பதை வழித்தெடுப்பாள். கணவன் நவாஃப் ஜெர்மனிக்குப் போய் ஏழு வருடம் ஆகிவிட்டது. அவன் முகம் அவளுக்கு இப்போது கைபேசித் திரையின் அளவில்தான் ஞாபகம் இருந்தது.

குடும்பம் சேர்வதற்கான விசாப் படிவம் வந்தபோது, மகன் ஹைதம், மகள் ஜுமானா, இரட்டையர் என்று எழுதினாள். இருவருக்கும் ஒரே பிறந்த தேதி போட்டாள்.

பொய் எழுதுவதாக அவள் நினைக்கவேயில்லை. எட்டு வருடத்துக்கு முன், சிரியாவில் தர்ஆ பக்கத்து ஊரில் குண்டு விழுந்த வாரம், அடுத்த வீட்டு குஸூன் பன்னிரண்டு நாள் பெண் குழந்தையை விட்டுவிட்டு இறந்துபோனாள். குஸூனின் கணவன் அதற்கு முன்பே இறந்துவிட்டிருந்தான். ஹைதமுக்கு அப்போது ஒரு மாதம். இரண்டு பிள்ளைகளையும் இரண்டு மார்பிலும் போட்டுக்கொண்டு ருதைனா எல்லையைத் தாண்டினாள். ஐந்து முறை வயிறாரப் பால் ஊட்டினாலே பிள்ளை என்பது அவர்கள் வழக்கம். இவள் ஊட்டியது இரண்டு வருடம். ஹைதமும் ஜுமானாவும் அண்ணன் தங்கை, நவாஃப் இருவருக்கும் தகப்பன். இதற்கு மேல் என்ன வேண்டும்?

விசா அலுவலகத்தில் மரபணுச் சோதனைக்காக மூவரின் எச்சிலையும் பஞ்சில் எடுத்தார்கள். நாத்தனார் ஸஹர்தான் பயந்தாள்.

"அண்ணி, மாட்டிக்கப் போறீங்க. இப்பவே போய் உண்மையைச் சொல்லிடுங்க."

"என்ன மாட்டுறது? ரத்தம்தானேடி பாலாகுது. அது அவ உடம்புல ஓடாம எங்க போச்சு? மெஷினுக்குத் தெரியாதா?"

"மெஷினை நீங்கதான் பெத்த மாதிரி பேசுறீங்க."

மெஷினுக்குத் தெரியவில்லை. தாய்க்கும் மகனுக்கும் விசா, சிறுமிக்கு இல்லை. தொண்ணூறு நாளுக்குள் போகாவிட்டால் அந்த இரண்டும் காலாவதி.

நவாஃப் அழைத்தான். "ஸஹர்கிட்ட விட்டுட்டு நீ வா, ருதைனா. வந்த பிறகு அவளுக்கு மனுப் போடலாம்."

"விட்டுட்டு வர அவ என்ன பானையா, அபூ ஹைதம்?" ஹைதமின் தகப்பன் என்றுதான் அவள் அவனை அழைப்பாள்.

"ஏழு வருஷமா நான் இங்க தனியா வெந்ததைத் தின்னுட்டுக் கிடக்கேன். நானும் மனுஷன்தான்."

"தெரியும்."

இருவரும் அழைப்பைத் துண்டிக்கவில்லை. அவன் மூச்சு விடுவதைக் கேட்டபடியே அவள் ஒரு காயைக் கிழித்துவிட்டாள்.

எண்பதாவது நாள் ஜுமானாவைக் கூட்டிக்கொண்டு, விசா அலுவலகம் இருந்த அம்மானுக்குப் பேருந்து ஏறினாள். வேறு யார் வாயிலிருந்தும் வருவதற்கு முன் உண்மையைத் தானே மகளிடம் சொல்லிவிட வேண்டும். ஜன்னல் ஓரத்தில் உட்காரவைத்து, குஸூனைப் பற்றிச் சொன்னாள். சிறுமி ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

"அப்போ ஹைதம் என்னைவிட மூத்தவனா?"

"இருபது நாள்."

"அவன்கிட்ட சொல்லிடாதம்மா. தாங்க முடியாது அவனை."

ருதைனா சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே வேறு எதுவோ ஆனது.

அலுவலகத்துப் பெண் நிதானமாகப் பேசினாள். "அனாதைப் பிள்ளை, நான் வளர்க்கிறேன்னு முதல்லயே சொல்லியிருந்தா, கோர்ட்டுல பாதுகாவலர் பத்திரம் வாங்கி வழி பார்த்திருக்கலாம். இப்பவும் புதுசா ஆரம்பிக்கலாம், வருஷக்கணக்குல ஆகும். ஆனா முன்னாடி எழுதினது தப்புன்னு உங்க கைப்பட எழுதித் தரணும்."

"பால்மகள்னு எழுதுறேன்."

"அப்படி ஒரு கட்டம் இல்லம்மா."

ஜுமானாவுக்கு வாசிக்கத் தெரியும். ருதைனா தாளைக் கையால் மறைத்துக்கொள்ளப் பார்த்தாள். பிறகு கையை எடுத்துவிட்டாள். 'ஜுமானா என் மகள் இல்லை' என்று எழுதினாள். குடைவுக் கத்தி பிடித்துக் காய்த்த விரல்களில் பேனா நழுவியது. கையெழுத்துப் போட்டாள்.

"உங்க விசா இன்னும் பத்து நாள்தான்" என்றாள் அந்தப் பெண்.

"பையன் மட்டும் போறான். எங்க ஊர்க்காரங்க அதே விமானத்துல போறாங்க."

வாசலுக்கு வந்து நவாஃபை அழைத்தாள். "உங்க மகன் செவ்வாய்க்கிழமை வர்றான். தனியாத் தூங்க மாட்டான், பக்கத்துல படுக்க வச்சுக்கங்க."

ஜுமானா அவளுடைய கையைப் பிடிக்காமல், ஓரடி தள்ளி நின்று, பேருந்து வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.