ஓமவாட்டர் உத்தமன்

முத்தாபுதுப்பேட்டையில் ஏழு குடித்தனங்கள் வரிசையாக இருந்த லைன் வீட்டில் கடைசி அறை உத்தமனுடையது. அரியலூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் குழந்தைகளுக்கு ஓமவாட்டர் தயாரிக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் தண்ணீர் அறை அவன் பொறுப்பு. அதனால் லைனில் அவனுக்கு ஓமவாட்டர் உத்தமன் என்று பெயர். பெயர் வைத்தார்களே தவிர, அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட ஒரு காரணம் வேண்டாமா? வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவன் முப்பத்தெட்டு வயதுவரை வாய் இல்லாமலே பிழைத்தவன். பெண் பார்த்துக் கல்யாணம் பண்ணி வைக்க ஆளில்லை. இருந்த ஒரே அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

தண்ணீர் அறையில் நீளமான ஒரு எவர்சில்வர் தொட்டி. கிணற்றுத் தண்ணீர் வடிகட்டியைத் தாண்டி வந்து அதில் விரலளவு ஆழத்தில் ஓடும். தொட்டியின் மூடிக்கு உள்பக்கம், டியூப்லைட் மாதிரி ஒரு நீல விளக்கு. அதிலிருந்து வரும் புற ஊதாக் கதிர் தண்ணீரில் இருக்கும் கிருமிகளைத் தீர்த்துவிடும். காய்ச்ச வேண்டாம், மருந்து கலக்க வேண்டாம், ருசியும் மாறாது. கெமிஸ்ட் ரகுநாதன் விளக்கு வந்த அன்றே எச்சரித்திருந்தார்.

"எரியறப்போ மூடியைத் திறக்காதே. திறந்தா கண்ணாடி போட்டுக்கோ. கிருமியைக் கொல்ற வெளிச்சம் உன் கண்ணை மட்டும் விட்டுவைக்குமா?"

விளக்கு எரியும்போது யாரும் உள்ளே வரக்கூடாது என்று கதவில் எழுதி வைத்தார்கள். எழுதாவிட்டாலும் யாரும் வரப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

அறுபத்தொன்பதாம் வருஷம், விளக்கு வந்த முதல் வாரமே, உத்தமன் அந்தத் தப்பைச் செய்தான். நீல வெளிச்சத்தில் தண்ணீர் ஓடும் அழகைப் பார்க்க ஆசைப்பட்டு, கண்ணாடியை மறந்து, பத்து நிமிஷம் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்போது ஒன்றும் தெரியவில்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்கு, வீட்டில், கண்ணுக்குள் ஒரு கைப்பிடி மணலைப் போட்டுத் தேய்த்தது போல ஆகிவிட்டது. இமையைத் திறக்க முடியவில்லை. கண்ணீர் நிற்கவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு வாசற்படிக்கு வந்து உட்கார்ந்தான்.

பக்கத்து வீட்டு முனியம்மாதான் முதலில் பார்த்தாள்.

"இன்னா நைனா, படில குந்திகினு அழுதுகினு கீறே?"

"கண்ணு தெரியலீங்க. கம்பெனி விளக்கைப் பாத்துட்டேன்."

"எம் புள்ளைக்கும் வெல்டிங்ல இப்டித்தான் ஆவும். ஒண்டியா குந்திகினு கீறியே, ஒரு கொரல் குடுக்கக்கூடாது? ஏ பேபி, பாலாடைல கொஞ்சம் பால் எடுத்துகினு வா."

பேபி அவள் மருமகள். தலைப்பிள்ளை பெற்று மூன்று மாதம். தாய்ப்பால் கண்ணுக்கு மருந்தா என்று டாக்டரைக் கேட்டால் திட்டித்தான் அனுப்புவார். ஆனால் அந்தப் பக்கத்தில் வெல்டிங் வேலை செய்கிறவர்கள் வீட்டில் டாக்டரை யார் கேட்டார்கள்? முனியம்மா அவன் தலையை மடியில் சாய்த்துச் சொட்டுச் சொட்டாக விட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அம்மா போன பிறகு அவன் முகத்தை இன்னொருவர் தொட்டது அன்றுதான். மூன்று நாள் அந்த வீட்டிலிருந்து கஞ்சி வந்தது, ரசம் சாதம் வந்தது. லைனில் இருந்தவர்கள் எல்லாம் வந்து எட்டிப் பார்த்தார்கள். கண் தெரியாத அந்த மூன்று நாள்தான் அவன் மெட்ராசுக்கு வந்து சந்தோஷமாக இருந்த நாட்கள்.

நாலாம் நாள் கண் திறந்தது. அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். கஞ்சி வந்த பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தான். அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலில் போய் நிற்க அவனுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. இப்படியே மூன்று வருஷம் ஓடியது.

எழுபத்திரண்டில், பேபி இரண்டாவது பிரசவம் முடிந்து வேப்பம்பட்டுத் தாய்வீட்டிலிருந்து குழந்தையோடு திரும்பி வந்தாள். உத்தமன் கம்பெனியில் கொடுத்த ஓமவாட்டர் பாட்டில் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தான். முனியம்மா வாங்கிக்கொண்டு, "நல்லா இரு நைனா" என்றாள். அதற்கு மேல் என்ன பேசுவது என்று தெரியாமல் திரும்பிவிட்டான். சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை அழுது, பிறகு பால் குடித்து ஓய்ந்தது. அந்த வீட்டில் மறுபடி பால் இருக்கிறது என்று நினைத்தான். நினைத்ததற்கு வெட்கமும் பட்டான்.

மறுநாள் மத்தியானம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வேண்டுமென்றே மூடியைத் தூக்கினான். கால் மணி நேரம் கண் கொட்டாமல் விளக்கையே பார்த்தான்.

சாயங்காலம் சீக்கிரமே வீடு வந்தான். அறையைப் பெருக்கினான். வருகிறவர்கள் உட்காரப் பாயை உதறிப் போட்டான். கதவைத் தாழிடாமல் சும்மா சாத்திவிட்டுக் காத்திருந்தான். விருந்தாளிக்குக் காத்திருப்பார்கள், கடன்காரனுக்குக்கூடக் காத்திருப்பார்கள். வலிக்காகக் காத்திருந்தவன் இவன் ஒருவன்தான். தெரு விளக்கு வந்தது. பக்கத்து வீட்டில் சோறு வடித்த வாசனை வந்தது. வலி வரவில்லை. ராத்திரி உட்கார்ந்தபடியே தூங்கிப்போனான். விடிந்தபோது எதிர்ச் சுவரில் எறும்பு ஊர்வதுகூடத் தெளிவாகத் தெரிந்தது.

முதலில் ஏமாற்றமாக இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. அன்றைக்குப் பத்து நிமிஷத்தில் கண்ணைப் பறித்த விளக்கு, இன்றைக்குக் கால் மணி நேரத்தில் ஒன்றுமே செய்யவில்லை. கண்ணையே ஒன்றும் செய்யாத வெளிச்சம் கிருமியை என்ன செய்யும்? நீலம் எரிந்தாலும் உள்ளே கதிர் தேய்ந்துபோகும் என்று, வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டிய விளக்கு அது. வெளிநாட்டிலிருந்து புதிது வரவில்லை, நீலமாக எரிகிறதே என்று அதையே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எத்தனை நாளாக வெறும் கிணற்றுத் தண்ணீர் பாட்டிலில் போயிற்றோ, எத்தனை குழந்தைகள் வாயில் போயிற்றோ. ஒன்று அடுத்த வீட்டிலேயே இருக்கிறது.

ஓடிப்போய்க் கதவைத் தட்டினான்.

"அந்த ஓமவாட்டரைக் குடுங்க. அது சரியில்லை. குழந்தைக்குக் குடுத்தீங்களா?"

"இன்னும் தொறக்கவே இல்ல நைனா. இன்னா ஆச்சு?"

"அப்புறம் சொல்றேன்" என்று பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ரயிலுக்கு ஓடினான்.

அம்பத்தூர் போய்ச் சேரும்வரை திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். விளக்கு செத்துவிட்டது என்று சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். எப்படித் தெரியும் என்று சொன்னால் கம்பெனியே சிரிக்கும். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது, விளக்கும் நீலமாக எரிந்துகொண்டே இருக்கும். கையில் இருந்த பாட்டிலில் கொழுகொழுவென்று ஒரு குழந்தைப் படம். அதைப் பார்த்துக்கொண்டே கெமிஸ்ட் அறைக்குள் போனான்.

ரகுநாதன் கேட்டு முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"வேணும்னேயா பாத்தே?"

"ஆமா சார்."

"ஏன்?"

உத்தமன் தரையைப் பார்த்தான். "கண்ணு வலிச்சா யாராவது வந்து பாப்பாங்க சார்."

ரகுநாதன் சிரிக்கவில்லை. மாதாமாதம் தண்ணீரைச் சோதிக்க வேண்டியவர் அவர். நீல வெளிச்சத்தை நம்பி, ஐந்து மாதமாக அதைச் செய்யாமல் விட்டிருந்தார். எழுந்து போய் பாட்டில் நிரப்புவதை நிறுத்தச் சொன்னார். இரண்டு நாள் கழித்துச் சோதனைத் தட்டில் கிருமிகள் புள்ளி புள்ளியாக முளைத்திருந்தன. கடைகளுக்குப் போன பாட்டில்களைத் திருப்பி எடுத்தார்கள். புது விளக்கு வரும்வரை தண்ணீரைக் காய்ச்சச் சொன்னார்கள். கண்டுபிடித்தது எப்படி என்று முதலாளி கேட்டபோது, "மாதச் சோதனையில் தெரிந்தது" என்று ரகுநாதன் பொய் சொன்னார். உத்தமனிடம் மட்டும், "இனிமே அந்த மூடியைத் தொடாதே" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உத்தமன் முனியம்மா வீட்டு வாசலில் போய் நின்றான். கையில் பாட்டில் இல்லை, பாத்திரம் இல்லை. முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முதலில் அவன் கண்ணைத்தான் பார்த்தாள்.

"இன்னா நைனா, மறுக்கா கண்ணு நோவா?"

"இல்லீங்க. நல்லா இருக்கு."

"பின்ன இன்னா?"

ரகுநாதனிடம் சொன்னதைவிட இதைச் சொல்வது கஷ்டமாக இருந்தது.

"சும்மா வந்தேன்."

முனியம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"சும்மா வர்றதுக்கா மூணு வருசம் ஆச்சு ஒனக்கு?"