பானட்டுக்குள் கதண்டு

போன ஞாயிற்றுக்கிழமை, ஸ்டார்ட் ஆகாத ஒரு கார் உறுமியதைக் கேட்டேன். இதை எழுதும்போதுகூட முதுகுத்தண்டு சில்லிடுகிறது... சிரிக்காதீர்கள்.

கார் என்னுடையது அல்ல. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தம்பியுடையது. எங்கள் பக்கத்தில் இந்த மாதிரி கார்களுக்கு ‘லீவு கார்’ என்றே பெயர் வைக்கலாம். பிள்ளை லீவுக்கு வந்தால் ஓட்டுவதற்காக வாங்கியது. அவன் விமானம் ஏறியதும் தார்ப்பாய்க்குள் தூங்கப் போய்விடும். வாரம் ஒரு முறை யாராவது போய் இன்ஜினை ஓடவிட்டு அணைக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் அந்த யாராவது, என் கணவர். தஞ்சாவூரிலிருந்து திருப்பனந்தாள் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு பஸ்ஸில் போய், பூட்டிக் கிடக்கும் எங்கள் வீட்டு வாசலில் ஓடாத காரைப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் திரும்பி வருவார்!

குறுவை அறுவடை முடிந்தது. வயல் காலியானால் எலிகள் எங்கே போகும்? வீடுகளுக்குத்தான். அடுத்த தெருவில் ஒரு புதுக் காரின் ஒயரையெல்லாம் கடித்துக் குதறிவிட்டன என்று கேள்விப்பட்டுத் தம்பி போனில் பதறினான்.

“அத்தான், பானட்டைத் திறந்தே வைங்க. வெளிச்சம் பட்டா எலி வராதாம்.”

என் கணவர் மைத்துனன் பேச்சைத் தட்டாதவர். ஒரு சாண் உயரத்துக்குக் கட்டை கொடுத்து பானட்டைத் தூக்கி வைத்தார். மழை வந்தால் இன்ஜின் நனையுமே? அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. மேலே தார்ப்பாயைப் போட்டு நாலு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டிவிட்டார். வெளிச்சத்துக்காகத் திறந்ததை மறுபடி இருட்டாக்கிவிட்டோமே என்று அவருக்கும் தோன்றவில்லை. பக்கத்தில் நின்று கயிறு பிடித்த எனக்கும் தோன்றவில்லை.

அப்புறம் அடைமழை. அவருக்கு முழங்கால் வலி. ஊருக்குப் போவதே நின்றுபோனது. ஊரில் பக்கத்து வீட்டு சாவித்திரி அக்காவுக்கு போன் போட்டால், “எலி ஒண்ணும் அண்டலைம்மா, நிம்மதியா இருங்க” என்பார். எங்கள் ஏற்பாட்டை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

எலி ஏன் அண்டவில்லை என்று கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

மேலே போவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என் கணவருக்குப் பூச்சிக்கடி ஆகாது. ஒரு முறை தோட்டத்தில் சாதாரணக் குளவி ஒன்று கொட்டியதற்கே முகம் வீங்கி, உதடு தடித்து, மூச்சு இழுத்துக்கொண்டது. ஆட்டோவில் என் மடியில் சாய்ந்து கிடந்தார். பிழைத்தது மறுபிறவி. “இன்னொரு தடவை கொட்டினா, இங்க வந்து சேர்ற வரைக்கும் தாங்கும்னு சொல்ல முடியாதும்மா” என்றார் டாக்டர். அன்றிலிருந்து என் கைப்பையில் எது இருக்கிறதோ இல்லையோ, அவருக்கான மாத்திரை இருக்கும்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பொங்கலுக்குத் தம்பி வருகிறான். அவனை அழைத்துவரத் திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கார் போக வேண்டும். காலையிலேயே ஊருக்குப் போனோம். பின்பக்கக் கயிறுகளை அவிழ்த்து, தார்ப்பாயை முன் கண்ணாடி வரை சுருட்டினோம். முன்பக்கம் மட்டும் பானட்டின் மேல் மூடியே கிடந்தது. நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். அவர் முன்னால் போய் மிச்சக் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார்.

சாவியைத் திருப்பினேன். டிக்... டிக்... அவ்வளவுதான். பேட்டரி செத்துவிட்டது.

ஆனால் உறுமல் கேட்டது.

சாவியை எடுத்த பிறகும் கேட்டது. தாழ்ந்த, கனத்த ஒரு சத்தம். காலுக்கு முன்னால் எங்கிருந்தோ வந்தது. வைப்பர் பக்கத்தில், தார்ப்பாயின் மடிப்புக்குள்ளிருந்து ஒன்று ஊர்ந்து கண்ணாடியில் ஏறியது. கறுப்பு உடம்பு. வயிற்றில் மஞ்சள் பட்டை. பின்னாலேயே இன்னொன்று. இன்னும் இரண்டு...

கதண்டு!

டெல்டாக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குளவியின் பெரியண்ணன். கூட்டமாகக் கொட்டினால் நல்ல திடகாத்திரமான ஆளே தப்புவது கஷ்டம். எனக்கு முன்னால் கண்ணாடி இருந்தது. அவருக்கு முன்னால் என்ன இருந்தது? ஒரு சட்டை!

‘பின்னால் போங்கள்’ என்று இரண்டு கையாலும் ஜாடை காட்டினேன். ‘பானட்டைத் தூக்குங்கள்’ என்று புரிந்துகொண்டு தலையாட்டினார். போனில் அழைத்தேன். என் பக்கத்து சீட்டிலேயே மணி அடித்தது. அவருடைய போன்.

கதவை ஒரு விரற்கடை திறந்தேன்.

“ஏங்க!”

கல்யாணமான நாளிலிருந்து நான் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறேன். முதல் ‘ஏங்க’வுக்கு அவர் திரும்பியதாகச் சரித்திரமே இல்லை.

“இரு இரு, கட்டையை எடுத்துட்டு வரேன்” என்றபடி தார்ப்பாய்க்குள் கையை விட்டார்.

எனக்குள் எது கத்தியது என்று தெரியவில்லை.

“கலியபெருமாள்! கைய எடு! பின்னால போ!”

விருட்டென்று கையை இழுத்துக்கொண்டு நிமிர்ந்தார். அப்போதுதான் கண்ணாடியில் ஊர்ந்தவற்றைப் பார்த்தார். முகம் வெளுத்தது. ஓடவில்லை, ஓடினால் துரத்தும் என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொரு அடியாகப் பின்வாங்கினார். ஒன்று பறந்து போய் அவர் தோளில் உட்கார்ந்தது. காலர் பக்கமாக நடந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. மூட முடியவில்லை. கைப்பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன்.

நம் மேல் வருகிற ஆபத்துக்கு ஓடலாம், கத்தலாம், கையை வீசலாம். பத்திரமான இடத்தில் உட்கார்ந்துகொண்டு நம்மவர் மேல் வருவதைப் பார்க்கிறோமே, அந்தப் பயத்துக்கு என்ன செய்வது? அன்றைக்கு அந்தக் கண்ணாடியைப் போல நான் வெறுத்தது வேறொன்றுமில்லை.

அது காலர் விளிம்பு வரை போனது. நின்றது. பறந்துவிட்டது.

நான் பின்சீட்டுக்கு நகர்ந்து, பின்கதவு வழியாக இறங்கி ஓடினேன். சாவித்திரி அக்கா எங்கள் இருவரையும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தி, தீயணைப்பு நிலையத்துக்கு போன் செய்தார். பொழுது சாய்ந்ததும் உடம்பு முழுக்க மூடிய உடையில் ஆட்கள் வந்து, மருந்தடித்து, கூட்டை எடுத்தார்கள். இன்ஜினை ஒட்டி, பெரிய பரங்கிக்காய் அளவுக்கு இருந்தது. அவர் கையை விட்ட இடத்துக்கு ஒரு முழம் தள்ளி. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

தம்பியிடம் போனில் இதையெல்லாம் சொல்வார் என்று பார்த்தேன். கதண்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“உங்க அக்கா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டாப்பா! அதுவும் ‘எடு’, ‘போ’ன்னு!”

மறுநாள் காலையில் பேப்பருக்குள் மூழ்கிக் கிடந்தார். “ஏங்க, காபி ஆறுது” என்றேன். திரும்பவில்லை. “ஏங்க...” ம்ஹூம். பெயர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

விழுங்கிவிட்டேன். கைப்பையில் மாத்திரையோடு அதுவும் பத்திரமாக இருக்கட்டும்.