வளாகத்தின் கடைசிக் கடை

அரியலூரில் மாநிலப் போட்டிகளுக்காக மைதானத்தைப் புதுப்பித்தபோது, ஓரத்தில் இருந்த பெட்டிக்கடைகளை இடித்துவிட்டு ஒரு கடை வளாகம் கட்டினார்கள். தொழிலெல்லாம் படுத்துக் கிடந்த நேரம் அது. போட்டி முடிந்ததும் கடைக்காரர்கள் ஒவ்வொருவராகக் காலி செய்துவிட்டுப் போனார்கள். மிஞ்சியது ஒரு தையற்கடை மட்டும்.

கிழிந்த பையைத் தைக்க ஒரு மதியம் அங்கே போனேன். வரிசையாக மூடிக் கிடந்த ஷட்டர்களைத் தாண்டி நடக்கவே பயமாக இருந்தது. தையல்காரம்மா ஒல்லியான உடம்புக்காரர். நாற்பது வயது இருக்கும். என்னைக் கண்டதும் பின்னறைத் திரைப் பக்கம் திரும்பி, "ஏங்க, ஆள் வந்துருக்காங்க" என்றார். பதில் வரவில்லை. தைக்கும்போதே இன்னும் இருமுறை கூப்பிட்டார்.

"தூங்குறாரா?" என்றேன்.

மெஷின் நின்றது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அங்க யாருமில்ல சார். போன வாரம் ரெண்டு பேரு குடிச்சிட்டு உள்ள வந்துட்டானுங்க. அதுலேர்ந்து யாரு வந்தாலும் இப்படித்தான் கூப்புடுறேன்."

"வேற எடம் பாக்கலாமேம்மா?"

"பழைய கடைதான் போயிடுச்சு. இதையும் வுட்டா எங்கங்க போவேன்?"

பையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் இரண்டு பேர் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பிப் போய் அவர் கடை ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவர் மெஷினை மறுபடி ஓட்டத் தொடங்கினார். சற்று நேரத்தில் பைக் கிளம்பிப் போனது. ஆனாலும் எனக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. நாளைக்கு அந்த ஸ்டூலில் யார் இருப்பார்கள்?