மூன்று கதவு பீரோ

எங்கள் வீட்டில் இருந்த பீரோ எங்களுடையதில்லை. கட்டிலும் சோபாவும்கூட எங்களுடையவை இல்லை. எல்லாமே காந்திபுரத்தில் கடை வைத்திருந்த பாயுடையவை. மாதாமாதம் வாடகை கட்டிவந்தால் இரண்டு வருடத்தில் நமக்கே சொந்தம். நடுவில் விட்டால் சாமான் கடைக்குத் திரும்பிவிடும், கட்டியது கட்டியதுதான். ஒன்பது வயதில் எனக்கு இதெல்லாம் தெரியாது. பாய் மாதம் ஒருமுறை மொபெட்டில் வருவார், ஓர் அட்டையில் கையெழுத்துப் போடுவார், காப்பி குடிப்பார், போகும்போது பீரோக் கண்ணாடியைத் தன் துண்டால் துடைத்துவிட்டுப் போவார். நம் வீட்டுச் சாமான்மேல் இந்த மனிதருக்கு எவ்வளவு பிரியம் என்று நினைத்துக்கொள்வேன்.

கருமத்தம்பட்டியில் அப்பா எட்டு விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம் நூல் விலை ஏறியது, துணி விலை இறங்கியது. தறி வாங்கிய கடன், நூல்கடைக் கடன், அம்மாவின் அண்ணனிடம் வாங்கியது, ஏலச்சீட்டு எடுத்தது என்று ஒன்றை அடைக்க இன்னொன்றாக வீடு முழுக்கக் கடன். இருந்தும் வாசலில் ஒருநாள்கூடச் சத்தம் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். நூல்கடைக்காரர் வாசலில் நின்று, "ஏனுங்க, இருக்கீங்களாங்க? சும்மா பாத்துப்போட்டுப் போலாம்னு வந்தனுங்க" என்றால் அப்பாவுக்கு வேர்த்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பீரோக் கண்ணாடிமுன் நின்று தலைசீவிக்கொண்டிருந்தேன். பின்னால் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. ஐ.பி. கொடுத்துவிடச் சொல்லி வக்கீல் யோசனை சொல்லியிருந்தார். என்னிடம் ஒன்றுமில்லை, இனித் தர முடியாது என்று கோர்ட்டில் எழுதிக் கொடுப்பது அது. கடன் கொடுத்தவர்களுக்கெல்லாம் நோட்டீஸ் போகும். ஊரில் அதற்கு மஞ்சக் கடுதாசி என்று பெயர்.

"குடுத்துப்போட்டு எங்கண்ணன் மூஞ்சில நான் எப்படீங்க முழிக்கறது?" என்றாள் அம்மா.

 நூல்கடையிலிருந்து கடனுக்கு நூல் மட்டும் நிற்காமல் வந்தால் தீபாவளிவரை தறியை ஓட்டிவிடலாம், ஓடுகிற தறி என்றால் நல்ல விலைக்குப் போகும், விற்று எல்லோருக்கும் அடைத்துவிடலாம் என்றார் அப்பா. நூல் நின்றால் மஞ்சக் கடுதாசி தவிர வேறு வழியில்லை.

இந்த நேரம் பார்த்து பாய் சாமானைத் திருப்பிக் கேட்டார். மூன்று மாத வாடகை பாக்கி, அவரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் எங்கள் ஊரில் வீட்டுச் சாமானை வெளியே எடுப்பது லேசான காரியமில்லை. அந்தத் தை மாதம்தான் பக்கத்து வீதித் தறிக்காரர் கட்டில், பீரோவையெல்லாம் டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனார். அடுத்த வாரமே ஆளுக்கொரு மஞ்சக் கடுதாசி வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு எவர் வீட்டு வாசலில் டெம்போ நின்றாலும் கடன் கொடுத்தவர்கள் ஓடிவந்து விசாரிப்பார்கள். எங்கள் பீரோ வாசல்படி தாண்டினால் அன்றைக்கே நூல் நின்றுவிடும்.

அன்று சாயங்காலம் அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பின்னல் போட்டுவிட்டாள்.

"கண்ணு, இந்தப் பீரோவைக் குடுத்துப்போட்டு மூணு கதவு வெச்சது வாங்கப்போறோம். கட்டிலு, சோபா எல்லாமே பெருசு. ஒருத்தர்கிட்டயும் சொல்லிப்போடாத."

என் வாயின் லட்சணம் ஊருக்கே தெரியும். பெரியம்மா மாசமாக இருந்ததைப் பெரியப்பாவுக்கே நான்தான் முதலில் சொன்னேன். அப்படிப்பட்டவளிடம் போய் ஏன் ரகசியத்தைச் சொல்கிறாள் என்று எனக்குத் தோன்றவேயில்லை. பெரிய மனுஷியாக நினைத்துச் சொல்லியிருக்கிறாள் என்ற பெருமையில் அன்று ராத்திரி மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மறுநாள் குழாயடியில் இரண்டு பேரிடம், பள்ளிக்கூடத்தில் வகுப்பு முழுக்க, மளிகைக்கடையில் கடைக்காரரிடம், எல்லோரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சொன்னேன். சொல்லச் சொல்ல பீரோவும் வளர்ந்தது. மூன்றாவது கதவு எனக்கே எனக்கு, அதற்குத் தனிச் சாவி என்று நானாகவே சேர்த்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து, நல்ல வெயிலில், ஊர் பார்க்க டெம்போ வந்தது. பாயும் இரண்டு ஆட்களும் சாமானை ஏற்றினார்கள். கயிறு கட்டும்போது நூல்கடைக்காரர் வந்து நின்றார். அப்பாவிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. என்னிடம் குனிந்தார்.

"அம்மணி, பீரோ எங்க கண்ணு போகுது?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"சொல்லக்கூடாதுங்க" என்றேன். அடுத்த நிமிஷமே மூன்று கதவு, தனிச் சாவி, அகலக் கட்டில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் பாயிடம் திரும்பி அப்படியா என்று கேட்டார். பாய்க்கு இந்தக் கதை புதிது. அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கினார்.

"ஆமாங்க. மூணு கதவுதானுங்க. ஆர்டர் குடுத்திருக்காங்க, செஞ்சு வரக் கொஞ்ச நாளாகும்" என்றார்.

மூன்று மாத பாக்கிக்காரனுக்காக அவர் ஏன் பொய் சொல்ல வேண்டும்? இன்றைக்கு நினைத்தாலும் அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. மறுநாள் காலையில் இரண்டு மூட்டை நூல் வந்து இறங்கியது.

தீபாவளி முடிந்ததும் அப்பா ஆறு தறிகளை விற்றார். எல்லோருக்கும் அடைத்தார், முதலில் பாய்க்கு. மஞ்சக் கடுதாசி யார் வீட்டுக்கும் போகவில்லை. மிச்சமிருந்த இரண்டு தறியை அம்மா பார்த்துக்கொள்ள, அப்பா இன்னொருவர் தறிப்பட்டறைக்கு வேலைக்குப் போனார்.

இதில் எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. எனக்கிருந்த கவலையெல்லாம் பீரோ வராததுதான். பள்ளிக்கூடத்தில் தினமும் ஒருத்தி, உங்க மூணு கதவு வந்திருச்சா என்று கேட்பாள். நான் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். சொல்லாதே என்று அம்மா சொன்னதை ஊரெல்லாம் சொன்னேன், அதனால்தான் வரவில்லை. அடி விழுமோ என்று பயந்து மார்கழிவரை மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்கினேன். கடைசியில் ஒருநாள், அம்மா துணிகளை மடித்து அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் போய் நின்றேன்.

"அம்மா, நாந்தான் எல்லார்த்துகிட்டயும் சொல்லிப்போட்டேன். அதனாலதான் பீரோ வல்லியா?"

அம்மாவின் கை அப்படியே நின்றது. "இல்ல கண்ணு" என்று ஆரம்பித்தாள். என்னை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதாள். பீரோ வராத துக்கம் அவளுக்கும் இவ்வளவு இருந்திருக்கிறதே என்று எனக்குப் பாவமாக இருந்தது. இனிமேல் நீ சொன்ன ரகசியத்தை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன். அதைக் கேட்டு ஏன் இன்னும் அதிகமாக அழுகிறாள் என்றுதான் எனக்குப் புரியவில்லை.